கைப்பதம்

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று தேய்த்துப் பதம் பார்க்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பேன். அவர் நல்லவர், அதுவும் ஊரே ஒத்துக்கொண்ட நல்லவர். அந்த நல்ல மனிதரின் விரல்கள் போன இடத்தைச் சொன்னால் உங்களுக்கும் குமட்டும்.

பெயர் வேண்டாம். நாங்கள் எல்லோரும் அவரைப் பட்டறைக்காரர் என்போம். வீரபாண்டிப் பக்கம் சாயப்பட்டறை நடத்தியவர். ஆற்றில் சாயத்தண்ணீர் போகிறது என்று பட்டறைகளை இழுத்து மூடினபோது அவருடையதும் மூடிக்கொண்டது. மறுபடி திறக்க அவருக்குத் தெம்பில்லை. பிறகு அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் அந்த அம்மாவைக் காரில் வைத்துக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்க் காத்துக் கிடந்து அலுத்தவர், கடைசியில் காலியாகக் கிடந்த பட்டறை ஷெட்டையே டயாலிசிஸ் சென்டர் ஆக்கிவிட்டார். ஏற்றுமதிக் கம்பெனி வைத்திருந்த பங்காளிகள் ஆளுக்கொரு மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. பிளாண்ட் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை; பட்டறைக் காலத்திலேயே அதோடு மல்லுக்கட்டியவர். ஒரு மெஷின் மனைவிக்கு. மற்றவை எங்களைப் போன்றவர்களுக்கு, இலவசம்.

எங்களைப் போன்றவர்கள் என்றால் பனியன் கம்பெனி ஜனம். நான் கட்டிங் மாஸ்டர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து இங்கேயே காலம் தள்ளியவன். சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்துகொண்டு சிறுநீரகத்தைத் தின்று தீர்த்தபிறகு, தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் அந்த ஷெட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். போன முதல் நாளே வாசலுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டார்.

“வாங்க மாஸ்டரே, வாங்க. சாப்டுட்டு வந்தீங்களா? நம்ம ஊடு மாதிரி நெனச்சுக்கங்க. இனி உங்க ஒடம்பு எங்க பொறுப்புங்க.”

கும்பிட்ட கையின் நகங்களைப் பார்த்தேன். பட்டறையை மூடி எத்தனையோ காலமாகியும் நகக்கண்களில் நீலம் போகாமல் கிடந்தது. அதுவே எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் இலவசமாகப் படுக்கப் போகிறவன் நகத்தைப் பற்றிப் பேச முடியுமா, நானும் கும்பிட்டுவிட்டு உள்ளே போனேன்.

டயாலிசிஸ் மெஷினைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. மெஷின் காலடியில் இரண்டு கேன்கள் இருக்கும். சிவப்பு மூடி போட்டதில் ஆசிட் கரைசல். திறந்தால் காடி நெடி அடிக்கும். நீல மூடி போட்டதில் பைகார்பனேட், அதாவது சமையல் சோடாவின் சுத்தமான வகை. அது பொடியாக பாக்கெட்டில் வரும், ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து வைக்க வேண்டும். மெஷின் இரண்டையும் இன்னும் நிறையத் தண்ணீரோடு அளவாகக் கலந்து ஒரு சவ்வின் ஒருபக்கம் ஓடவிடும். சவ்வின் மறுபக்கம் நம்முடைய ரத்தம். ரத்தத்தின் கழிவு அந்தத் தண்ணீருக்குப் போகும், ரத்தத்தில் ஏறிப்போன புளிப்பைப் பைகார்பனேட் வந்து சரிக்கட்டும். நடுவில் இருக்கிற சவ்வு தலைமுடியைவிட மெல்லிசு. ஆகவே கேனுக்குள் யார் கையை விடுகிறார்கள் என்பது எனக்குச் சாதாரண விஷயமில்லை.

அவர் விட்டார். காலையில் வந்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகக் கரைசல் அறைக்குப் போவார். கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். என் சேரில் சாய்ந்தபடியே எல்லாம் தெரியும். முதலில் சிவப்பு மூடியைத் திறந்து குனிந்து மோந்து பார்ப்பார். சாயம் ஏற்றின துணியில் காரத்தை முறிக்க ஊற்றுகிற ஆசிட்டும் ஏறத்தாழ இதே வாடைதானாம். “வாசமே சொல்லிப்போடுமுங்க” என்பார். அடுத்தது நீல மூடி. இரண்டு விரலை அடிவரைக்கும் உள்ளே விட்டு எடுப்பார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தேய்ப்பார். ஒரு சொட்டை நாக்கில் வைத்துச் சப்புக்கொட்டுவார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு அடுத்த கேனுக்குப் போவார், அதே விரலோடு.

முதல் தடவை பார்த்தபோது காறித் துப்ப வேண்டும்போல வந்தது. டியூபில் கட்டிப்போட்டவன் எங்கே எழுந்துபோய்த் துப்புவது.

“ஏங்க, அளவு பாக்கத்தான் மெஷின்லயே மீட்டர் இருக்கே. கைய எதுக்கு உள்ள விடுறீக?” என்று கேட்டேன்.

“மீட்டரு பாட்டுக்கு மீட்டரு சொல்லட்டுங்க. இது ஒரு ஆயுசு சோடாவுல ஊறுன கையி மாஸ்டரே,” என்று சிரித்தார். “காரம் பத்தலைன்னா விரலு சொரசொரங்கும். காரம் ஏறுச்சுன்னா வழுக்கும். பதம்னா வழுக்கோணுமுங்க.”

சாயப்பட்டறையில் அது உண்மை. அங்கே போடுகிற சோடா கையைத் தின்கிற சோடா. விரலில் பட்டால் சோப்புப் போல வழுக்கத்தான் செய்யும். அதை வைத்து அளவு சொல்கிற ஆட்களை நானும் பார்த்திருக்கிறேன், மெச்சியும் இருக்கிறேன். ஆனால் துணிக்குப் பார்க்கிற பதத்தை மனுசனுக்கும் பார்த்தால் எப்படி. துணியில் பதம் தப்பினால் மறுபடி வெளுத்துக்கொள்ளலாம்.

அவரிடம் இன்னொரு குணம் இருந்தது, அல்லது அதே குணத்தின் மறுபக்கம். எதையும் கீழே ஊற்றச் சம்மதிக்க மாட்டார். சென்டரில் ஸ்டெல்லா என்று ஒரு டெக்னீஷியன் பெண், தூத்துக்குடிப் பக்கம், படித்து முடித்துவிட்டு வந்த முதல் வேலை. கரைத்த பைகார்பனேட்டை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மிஞ்சியதைக் கொட்டிக் கேனைக் கழுவிக் கவிழ்க்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆசிட்டில் கிருமி பிழைக்காது. பைகார்பனேட்டில் பிழைக்கும், ஒரு ராத்திரி விட்டால் பெருகும். அவள் சாயங்காலம் கேனைச் சரித்தால் போதும், எங்கே இருந்தாலும் ஓடி வருவார்.

“கண்ணு, கண்ணு, உடு. இத்தனை காரம் இருக்கற தண்ணியப் போயி சாக்கடைல ஊத்தலாமா? இருந்தா இருந்துட்டுப் போகுது. காலைல கொஞ்சூண்டு அடிஷன் போட்டா ஷேடு வந்துரும்.”

அடிஷன் என்பது சாயக்காரர்கள் பேச்சு. கலர் குறைந்தால் இன்னும் கொஞ்சம் சாயம் சேர்த்து ஏற்றிவிடுவார்கள். ஒரு துணிக்குப் போட்டு மிஞ்சின சாயத்தண்ணீரை அடுத்த துணிக்கு வைத்துக்கொள்வதும் உண்டு. அதைத்தான் இங்கேயும் செய்தார். நேற்றைய மிச்சத்தில் இன்றைக்குக் கொஞ்சம் பொடியைத் தூவிக் கலக்கி விட்டால் மெஷினின் மீட்டர் சரியாகத்தான் காட்டும். மீட்டருக்கு உப்பைத் தெரியும், கிருமியைத் தெரியாது. “பாரு கண்ணு, மெஷினே ஒத்துக்கிச்சு” என்று அவர் சந்தோஷப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். ஆற்றையே கலர் கலராக ஓடவிட்ட கூட்டத்தில் ஒருவர், அரைக் கேன் சோடாத் தண்ணீரைக் கொட்ட மனசில்லாமல் நிற்கிறார்.

ஸ்டெல்லா லேசுப்பட்டவள் இல்லை. சண்டை போட்டாள், டாக்டரிடம் சொல்வேன் என்றாள். டாக்டர் எப்போதாவது வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறவர், பட்டறைக்காரருக்கு உறவுமுறை. இவர் கோபமே பட மாட்டார். “செரி கண்ணு, நீ சொன்னாச் செரி” என்பார். அடுத்த நாள் அவள் வருவதற்குள் வந்து தன் வேலையை முடித்திருப்பார். கடைசியில் அவள் எல்லாக் கேன்களையும் கழுவி, அறையைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். அதற்கும் சரி என்றார். ஒரே ஒரு கேனை மட்டும் தன் மேஜைக்கு அடியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். அடையாளத்துக்குக் கைப்பிடியில் பனியன் வேஸ்டில் ஒரு துண்டைக் கட்டியிருந்தார். அன்றன்று மிஞ்சுவதெல்லாம் அதில் போய்ச் சேரும். அந்தக் கேன் காலியானதும் இல்லை, கழுவப்பட்டதும் இல்லை. தயிருக்கு உறை விடுவதுபோல நேற்றையது கொஞ்சம் எப்போதும் அதில் இருந்தது.

அது அவர் மனைவிக்கான கேன்.

முதல் சேர் அந்த அம்மாவுடையது. ஒல்லியான, குரலே வெளியே வராத அம்மா. யார் வந்தாலும் “சாப்டீங்களா?” என்று கேட்பார், அதற்குமேல் பேச்சில்லை. பட்டறைக்காரர் தன் கையால் மனைவியின் காலுக்கு சாக்ஸ் மாட்டுவார், கம்பளியை இழுத்துவிடுவார், அந்தக் கேனைத் தூக்கி வந்து தானே மெஷினில் வைப்பார். வேறு யாரையும் தொடவிட மாட்டார். மேஜைக்கு அடியில் தனியாக வைத்திருக்கிறாரே, மனைவிக்கு மட்டும் புதுசாகக் கரைத்துக்கொடுக்கிறார் போல என்று நான் முதலில் நினைத்தேன். ஸ்டெல்லாவிடம் அதைச் சொல்லிப் புலம்பவும் செய்தேன்.

“புதுசா?” என்றாள். “எல்லாப் பழசும் அதுலதான் அண்ணாச்சி கிடக்கு.”

நம்ப முடியவில்லை. அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் சந்தோஷமாக எழுந்து போய்ப் பனியன் துணி கட்டிய கேனைத் திறந்து விரலை விட்டு எடுத்து வந்தார். நான் என்ன ஏது என்று யோசிப்பதற்குள் என் இடது உள்ளங்கையைப் பிடித்து ஈர விரலால் தேய்த்தார்.

“பாருங்க மாஸ்டரே, எப்படி வழுக்குதுன்னு. மத்த கேன்ல இந்தச் சத்து வராதுங்க. இது என்ற கைப்பக்குவம். இவளுக்குன்னு வெச்சிருக்கறேன்.”

வழுக்கியது. மீன் கழுவின தண்ணீரைத் தொட்டால் இருக்குமே, அப்படி. புளித்த கஞ்சி வாடை வேறு. வலது கையில் ஊசி, இடது கையில் அந்தத் தண்ணீர். அதை எங்கே துடைப்பது என்று தெரியாமல் விரல்களை விரித்து வைத்தபடி நெடுநேரம் கிடந்தேன். பிறகு ஸ்டெல்லா ஸ்பிரிட்டை ஊற்றித் துடைத்துவிட்டாள். நல்ல பைகார்பனேட் கைக்கு வெறும் தண்ணீர் போலத்தான் இருக்கும், அவ்வளவாக வழுக்காது என்று சொன்னாள். கேனின் உள்சுவரில் கிருமி படலம் கட்டிப் பாசியாகப் படிந்திருக்கிறது, அந்தப் பாசிதான் வழுக்குகிறது. அதைத்தான் அவர் விரலால் தேய்த்துப் பார்த்துச் சத்து என்கிறார். எது ரொம்ப அழுகிப்போயிருந்ததோ அதை ரொம்ப நல்லது என்று எடுத்துத் தன் பெண்டாட்டிக்கு வைத்திருக்கிறார்.

அந்த அம்மாவுக்கு மெஷின் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் நடுக்கம் வந்துவிடும். பல் கிட்டித்துக்கொள்ளும். சேரே ஆடும். அவர் ஓடிவந்து காலைப் பிடித்துக்கொண்டு தேய்ப்பார். கேட்டால், “அவளுக்கு ஒடம்பு வாகே அப்படிங்க. குளுரு தாங்க மாட்டா” என்பார். அந்த அம்மா அந்த நடுக்கத்திலும் அவரைப் பார்த்து ஒன்றுமில்லை என்பதுபோலத் தலையசைப்பார்.

இந்த நேரத்தில்தான் முத்துலட்சுமி எனக்குப் பக்கத்துச் சேருக்கு வந்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, முப்பது வயதுகூட இருக்காது, கழுத்தில் டியூபோடு வந்து படுப்பாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவன். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண்குழந்தை. ஆனால் எங்களுக்கு இல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. ஊரிலிருந்து அவளுடைய அம்மா தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று வந்திருந்தாள். ரத்தம் பொருந்தி, சோதனைகளெல்லாம் முடிந்து, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். காய்ச்சல் மட்டும் வரக்கூடாது என்பது டாக்டர்கள் போட்ட நிபந்தனை. உடம்பில் கிருமித்தொற்றின் அறிகுறி இருந்தால் ஆபரேஷன் கிடையாது.

“இன்னும் கொஞ்ச நாளுதான் அண்ணாச்சி. அப்புறம் சொம்பு நெறயத் தண்ணி குடிப்பேன்,” என்பாள். டயாலிசிஸ்காரர்களுக்குத்தான் அந்த ஆசையின் அருமை தெரியும். அளந்து குடிக்கிற ஜனம் நாங்கள்.

ஷெட்டில் எல்லோருக்கும் அவள்மேல் பிரியம். எங்களில் ஒருத்தியாவது தப்பிக்கப் போகிறாள் என்று. பட்டறைக்காரர் அவளைப் பார்க்கும்போதெல்லாம் “ஒடம்பத் தேத்திக்க கண்ணு” என்பார். ஒரு நாள் அந்தக் கேனைத் தூக்கிக்கொண்டு முதல் சேருக்குப் போகாமல் அவளிடம் வந்து நின்றார்.

“இன்னைலருந்து இது உனக்கு. என்ற ஊட்டுக்காரியே சொல்லீட்டா. எனக்குப் போதுமுங்க, ஆப்பரேசனுக்குப் போற புள்ள, அதுக்குக் குடுங்கன்னு. மத்ததவிட இதுல சத்து எச்சாக் கண்ணு.”

முதல் சேரைத் திரும்பிப் பார்த்தோம். அந்த அம்மா மெல்லிசாகச் சிரித்தார். சுற்றிலும் இருந்தவர்கள் உருகிப்போனார்கள். தனக்கென்று வைத்ததை எடுத்துக் கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும் என்றார் ஒருவர். முத்துலட்சுமி படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு மட்டும் உள்ளங்கையில் தேய்த்த அந்த வழுக்கல் ஞாபகம் வந்தது.

அன்றைக்கே அவளுக்கு நடுக்கம் வந்தது. சாயங்காலம் காய்ச்சல். ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். மறுபடி நாள் கொடுத்தார்கள், மறுபடி நடுக்கம், மறுபடி காய்ச்சல். அந்தப் பக்கம் முதல் சேரில் கம்பளி மடித்தபடியே கிடந்தது. அந்த அம்மா டிபன்பாக்ஸைத் திறந்து மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேன் இடம் மாறியதும் நடுக்கமும் இடம் மாறிவிட்டது. இதைக் கண்டுபிடிக்கப் படிப்பு வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும்.

முத்துலட்சுமியிடம் சொன்னேன். ஸ்டெல்லாவும் சொன்னாள். பட்டறைக்காரர் இல்லாத நேரத்தில் ஸ்டெல்லா கேனை மாற்றிவைத்த நாட்களில் நடுக்கம் வரவில்லை என்பது முத்துலட்சுமிக்கே தெரிந்திருந்தது.

“தெரியுது அண்ணாச்சி,” என்றாள். “ஆனா அவ்வளவு ஆசையா கொண்டாந்து வைக்காவ. வேண்டாம்னா மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிராதா? நாளைக்கே வராதன்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்?”

அவளால் கேட்க முடியாது, நான் கேட்கிறேன் என்று எல்லோரும் இருக்கும்போதே குரலை உயர்த்தினேன். “அந்தக் கேனைத் தொடாதீக. அதுல பாசி பிடிச்சுக் கெடக்கு. அந்தப் பிள்ளைக்கு வார காய்ச்சல் அதுலருந்துதான் வருது.”

பட்டறைக்காரர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஒரு டம்ளரை எடுத்தார். கேனைச் சரித்து டம்ளர் நிறைய ஊற்றினார். எங்கள் எல்லோருடைய கண்முன்னாலும் அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தார். மீசையில் தொங்கிய சொட்டை நாக்கால் வழித்துக்கொண்டு, நிதானமாக ஒரு ஏப்பம் விட்டார்.

“என்ற பொண்டாட்டிக்கு ஊத்துன தண்ணிங்க மாஸ்டரே. வெசமா இருந்தா நான் மொதல்ல போறேன்.”

எனக்கு வாந்தி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வயிற்றுக்குப் போவதும் ரத்தத்துக்குப் போவதும் ஒன்றா என்று கேட்க வாயைத் திறந்தால் அதுதான் முதலில் வெளியே வரும் என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டேன். வயிறு கிருமியைக் கொன்றுபோடும். ரத்தத்துக்குச் செத்த கிருமியின் விஷம்கூடப் போதும். ஆனால் யாரிடம் சொல்ல? சுற்றியிருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய மனுசரை இப்படிப் பேசலாமா என்று ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். “இந்தாளு ஊருப் பக்கமே இப்படித்தானுங்க, வாய்க்குப் பூட்டில்லை” என்று இன்னொருவர். கோபித்துக்கொண்டு எழுந்து போக எனக்கும் வேறு இடம் கிடையாது. மறுநாளைக்கு மறுநாள் அதே சேரில் போய்ப் படுத்தேன், ஸ்டெல்லா என் கண்ணெதிரே புதுப் பாக்கெட்டைப் பிரித்துக் கரைத்தாள். “மாஸ்டருக்கு எப்பவும் புதுசே போடு கண்ணு, அவருக்கு மனசு சங்கடப்படக்கூடாது” என்று பட்டறைக்காரர் அதையும் அன்பாகவே சொன்னார்.

மூன்றாவது தடவை ஆபரேஷனுக்கு நாள் கொடுத்தபோது முத்துலட்சுமியின் அம்மா அவிநாசிக் கோயிலுக்குப் போய்வந்து எல்லோருக்கும் திருநீறு கொடுத்தாள். ஆபரேஷனுக்கு முந்தின டயாலிசிஸ் அன்று பட்டறைக்காரர் ஸ்டெல்லாவை ஏதோ மருந்து வாங்கிவர அனுப்பினார். வேண்டுமென்று அனுப்பினாரா என்று எனக்குத் தெரியாது. அப்படிச் சூது செய்கிறவர் இல்லை. அவள் போன நேரத்தில் கேனைக் கொண்டுவந்து வைத்தார், வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பொடி தூவிக் கலக்கியிருந்தார்.

“நாளன்னிக்கு ஆப்பரேசன். இன்னைக்குத் தெம்பா ஏத்திக்கோணும் கண்ணு.”

நான் கத்தினேன். என் கையில் ஊசியில்லாமல் இருந்திருந்தால் எழுந்துபோய்க் கேனை எட்டி உதைத்திருப்பேன். முத்துலட்சுமி என்னைப் பார்த்து, விடுங்க அண்ணாச்சி என்பதுபோலக் கையை அசைத்தாள். சற்று நேரத்தில் அந்தக் கை உதறத் தொடங்கியது. பிறகு உடம்பு முழுவதும். பிறகு உதறல் நின்று கண் மேலே செருகியது. பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. திரும்பி ஓடிவந்த ஸ்டெல்லா மெஷினை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸை அழைத்தாள். பட்டறைக்காரர் முத்துலட்சுமியின் காலைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

கோயம்புத்தூரில் பிழைக்க வைத்துவிட்டார்கள். அங்கிருந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, எந்தக் கரைசல் ஏற்றினீர்கள் என்பதுதான். ஸ்டெல்லா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பனியன் துணி கட்டிய கேனைத் தூக்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அந்தப் பெண் செய்த அந்த ஒரு காரியத்துக்காக இன்றைக்கும் அவளை நினைத்துக்கொள்கிறேன்.

ஆபரேஷன் இல்லை என்றாகிவிட்டது. உடம்பு தேறி வரட்டும், பார்க்கலாம் என்றார்கள். தேறி வந்தபோது வழக்கப்படி முத்துலட்சுமியின் அம்மாவுக்கும் மறுபடி எல்லாச் சோதனையும் செய்தார்கள். இடையில் அவளுக்குச் சர்க்கரை வந்திருந்தது. சர்க்கரை உள்ளவளிடம் சிறுநீரகம் எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வேறு சொந்தமும் இல்லை. முதலில் கொடுத்த நாளிலேயே நடந்திருந்தால் எல்லாம் முடிந்து முத்துலட்சுமி வேலைக்கே போயிருப்பாள். அந்தக் கிழவி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, என்னை அறுத்து எடுத்துக்கங்க, என்னை அறுத்து எடுத்துக்கங்க என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

இந்தச் செய்தியோடும் ஆய்வுக்கூடத்து முடிவோடும் ஸ்டெல்லா ஷெட்டுக்கு வந்தாள். முதல் சேரில் அந்த அம்மாவுக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கேனில் இருந்தது கரைசலே இல்லை, கிருமிக் கூழ் என்று டாக்டர் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள். முத்துலட்சுமியின் அம்மாவுக்குச் சர்க்கரை வந்ததையும் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

பட்டறைக்காரருக்கு முதலில் விளங்கவில்லை. “கிருமிங்களா? என்ற கேன்லயா? அதே தண்ணியத்தானுங்க இவளுக்கும் இத்தனை நாள் ஊத்துனேன்.”

“ஊத்துனீக,” என்றேன். “அதான் அந்தம்மா இத்தனை நாள் நடுங்குனாக. கேன் அந்தப் பக்கம் போனதும் இவுகளுக்கு நடுக்கம் நின்னு போச்சு. பக்கத்துலயே உக்காந்திருக்கீகளே, கவனிச்சீகளா இல்லையா?”

அவர் மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினார். “அப்படியா அம்மணி?”

அந்த அம்மா கம்பளியின் நுனியைப் பிடித்து நீவிக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியுமுங்க,” என்றார். “அந்தக் கேனு வெக்கற அன்னைக்குத்தான் குளுரு வரும். வேற வெச்சா வராது.”

“தெரிஞ்சா ஏன் சொல்லல?”

“நீங்க ஆசையா எடுத்து வெக்கறீங்க. ஆகாதுன்னு உங்ககிட்ட எப்படிங்க சொல்றது?” சாப்பிட்டீர்களா என்று கேட்கிற அதே குரலில் சொன்னார். “அதான் அந்தப் புள்ளைக்குக் குடுங்கன்னு சொன்னனுங்க.”

ஸ்டெல்லா அழுகையை நிறுத்திவிட்டாள். எனக்கு அந்தக் கேன் தண்ணீர் உள்ளங்கையில் பட்டபோதுகூட இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. புருஷன் மனசு நோகக்கூடாது, தன் உடம்பும் நோகக்கூடாது, மூன்றாவதாக ஒருத்தி நொந்துகொள்ளட்டும். அதை மரியாதையாகவும் தர்மமாகவும் செய்ய முடிந்திருக்கிறது. பட்டறைக்காரர் கத்துவார், அழுவார், ஏதாவது செய்வார் என்று காத்திருந்தேன். அவர் எழுந்து கம்பளியை இழுத்து மனைவியின் காலை மூடிவிட்டார். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

“அவளுக்கு வெவரம் பத்தாதுங்க மாஸ்டரே. மனசுல வெச்சுக்காதீங்க.”

அன்றோடு அங்கே போவதை நிறுத்திவிட்டேன். சென்டரை வேறு யாரோ எடுத்து ஒழுங்காக நடத்துவதாகவும், அவரைக் கரைசல் அறைப் பக்கமே விடுவதில்லை என்றும் சொன்னார்கள். நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்து இடம் வாங்கினேன். பிறகு முத்துலட்சுமியும் அங்கேயே வந்து சேர்ந்தாள். இப்போதும் எனக்குப் பக்கத்துச் சேர்தான் அவளுக்கு. சொம்பு நிறையத் தண்ணீர் குடிப்பதைப் பற்றி அவள் இப்போது பேசுவதில்லை.

அந்த அம்மா சொன்னதை அவளிடம் நானே சொன்னேன். அவளுக்குத் தெரிய வேண்டும் என்று எனக்குப் பட்டது. முழுவதையும் கேட்டாள். அழவில்லை.

“இப்ப அவுகளுக்கு நடுக்கம் வாரதில்லையா?” என்றாள்.

“வாரதில்லை. நல்லாத்தான் இருக்காகளாம்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

“அப்ப அவுக கேட்டது அவுகளுக்குக் கெடச்சிட்டு அண்ணாச்சி,” என்றாள்.